மக்கு நாள்

கூட்டமைப்புப் போட்டி என்று ஒன்றைக் கண்டுபிடித்தவனுக்கு மனசாட்சி என்பதே இருந்திருக்காது என்பது ரெனாட்டா கூபியாக்கின் கட்சி. நவம்பரில் தொடங்கி பிப்ரவரி முடியும்வரை பனியிலும் பஸ்ஸிலும் அலைந்து ஒரே கூட்டமைப்பைச் சேர்ந்த எட்டுக் கல்லூரிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. முதலிடம் பிடித்த அணிக்கு என்ன கிடைக்கிறது? ஒரு கைதட்டல். மார்ச் பிறந்ததும் அதே எட்டு அணிகளையும் ஒரே ஊரில் கூட்டி, வெள்ளி சனி ஞாயிறு என்று மூன்றே நாளில் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆடச் சொல்கிறார்கள். தோற்றவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை ஜெயிக்கும் ஒரே ஒரு அணிக்குத்தான் தேசியப் போட்டியில் இடம். பெரிய பல்கலைக்கழகங்கள் தோற்றாலும் அவர்களை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள். ஆல்டர் க்ரீக் மாதிரி, சோளக் காட்டுக்கு நடுவே தேவாலயத்தையும் தானியக் கிடங்கையும் பார்த்துக் கிடக்கிற சின்னக் கல்லூரிக்கு ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு கதி கிடையாது. அந்தக் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணி தேசியப் போட்டியை டிவியில்தான் பார்த்திருக்கிறது.

ரெனாட்டா அந்த அணியின் சிகிச்சையாளர். சுளுக்கு, பிசகு, வீக்கம், விரல் முறிவு எல்லாம் அவள் பொறுப்பு. ஆட்டத்தின்போது கோச்சுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருப்பாள். அடிபட்டவள் ஆடலாமா கூடாதா என்பதில் அவள் சொன்னதுதான் சொல். கோச் அதைத் தட்ட முடியாது, கல்லூரித் தலைவரே இறங்கி வந்து கேட்டாலும் அவள் கூடாது என்றால் கூடாதுதான். விதியே அப்படி. அந்த அதிகாரத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது, அந்தச் சனிக்கிழமை வரைக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் சீடர் ராப்பிட்ஸ் நகர அரங்கில் டன்பார் கல்லூரியோடு அரையிறுதி. ஆல்டர் க்ரீக்கின் சொந்த வாத்தியக் குழு விடுமுறைக்கு வீட்டுக்குப் போய்விட்டதால், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளை வாடகைக்குப் பிடித்து, பச்சைச் சட்டை மாட்டி உட்கார வைத்திருந்தார்கள். யாருக்காக ஊதுகிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. டன்பார் பந்து போட்டபோதும் இரண்டு பேர் உற்சாகமாக ஊதிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை. ஆல்டர் க்ரீக் ஒரு புள்ளி முன்னிலை. பந்து யார் கையிலும் சிக்காமல் தரையில் உருண்டது. ஆல்டர் க்ரீக்கின் கேப்டன் ஜோரெட்டா பிக்ஸ் அதன் மேல் பாய்ந்து விழுந்து, படுத்தபடியே மாரிட்டிடம் தள்ளிவிட்டாள். மாரிட் முதல் வருஷத்துப் பெண், ஜோரெட்டாவின் அறைத்தோழி. அவள் ஓடிப் போய்க் கூடையில் போட்டாள். அரங்கமே மாரிட்டைப் பார்த்தது. ரெனாட்டாவின் கண் மட்டும் தொழில் பழக்கத்தில் விழுந்தவள் மேலேயே இருந்தது. ஓடி வந்த டன்பார் பெண்ணின் முழங்கால் ஜோரெட்டாவின் நெற்றிப்பொட்டில் இடித்ததையும், அந்த வேகத்தில் பின்மண்டை பலகைத் தரையில் மோதியதையும் அவள் ஒருத்திதான் பார்த்தாள். ஜோரெட்டா உடனே எழுந்துவிட்டாள். எழுந்து நாலு எட்டு டன்பார் அணியின் பெஞ்சை நோக்கி நடந்தாள். பிறகு நின்றாள். பிறகு சட்டென்று திரும்பித் தன் பக்கம் ஓடி வந்தாள்.

அதற்குள் மணி அடித்துவிட்டது. பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். ரெனாட்டா கூட்டத்துக்குள் புகுந்து கேப்டனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மடக்கு நாற்காலிகளும் பழைய பாப்கார்ன் வண்டியும் அடைத்து வைத்திருந்த ஓர் அறைதான் கிடைத்தது. ஜோரெட்டாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துக் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள்.

"தலை வலிக்குதா?"

"இல்ல."

"வாந்தி வர மாதிரி இருக்கா?"

"பசிக்கிற மாதிரி இருக்கு. அதுக்கு மாத்திரை வெச்சிருக்கீங்களா?"

"விளையாடாதே ஜோ. டன்பார் பெஞ்சுக்கு எதுக்குப் போன?"

"அவங்க தண்ணி நம்ம தண்ணியை விடச் சில்லுனு இருக்கும், அதான்."

ரெனாட்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மடிக்கணினியைத் திறந்து தலைச் சோதனையை ஆரம்பித்தாள்.

இந்தச் சோதனையின் கதையைச் சொல்லியாக வேண்டும். செப்டம்பரில், எல்லோரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும்போது, ஒவ்வொரு பெண்ணையும் திரைமுன் உட்கார வைத்து வார்த்தைகளை ஞாபகம் வைக்கச் சொல்வார்கள், உருவங்களைப் பொருத்தச் சொல்வார்கள், வெளிச்சம் வந்ததும் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அதற்கு ஒரு மதிப்பெண். பிறகு தலையில் அடிபட்டால் அதே சோதனையை மறுபடியும் வைத்து இரண்டையும் ஒப்பிடுவார்கள். மதிப்பெண் இறங்கியிருந்தால் மூளை கலங்கியிருக்கிறது என்று அர்த்தம், பல நாள் மைதானத்துப் பக்கமே வரக் கூடாது. யோசித்து யோசித்துச் செய்த ஏற்பாடு. ஆனால் விளையாடுகிற பிள்ளைகள் அதைவிட யோசித்தார்கள். செப்டம்பரிலேயே வேண்டுமென்று சொதப்பி வைத்துவிட்டால் பின்னால் மண்டை உடைந்தாலும் மதிப்பெண் இறங்காதல்லவா? புதிதாகச் சேரும் பெண்களுக்கு மூத்தவர்கள் கற்றுக்கொடுக்கும் முதல் பாடமே இதுதான். அந்த நாளுக்கு அவர்கள் வைத்த பெயர் மக்கு நாள். நர்சிங் வகுப்பில் முதல் மாணவி, எலும்புகளின் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிறவள், அன்றைக்கு மட்டும் பத்து வார்த்தையில் பாதியை மறந்துவிட்டு உச்சுக்கொட்டுவாள். ரெனாட்டா வருஷா வருஷம் கத்துவாள். "இது உங்க தலைடி, என் தலை இல்ல!" என்பாள். எல்லோரும் இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்பதுபோல உட்கார்ந்திருப்பார்கள். எதை வைத்து நிரூபிப்பது?

அந்த நர்சிங் வகுப்பின் முதல் மாணவி ஜோரெட்டாதான்.

திரையில் முடிவு வந்தது. செப்டம்பரைவிட ஒரு புள்ளி கூடுதல்.

ஜோரெட்டா எட்டிப் பார்த்தாள். "பாத்தீங்களா? இடி வாங்கினதுல புத்தி கூடியிருக்கு."

"செப்டம்பர்ல புத்தியை எங்க அடகு வெச்சிருந்த?"

"அன்னிக்குக் காய்ச்சல்னு சொன்னேனே, ரெனா."

சொன்னாளா, இல்லையா என்று ரெனாட்டாவுக்கு ஞாபகம் இல்லை. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். ஜோரெட்டா நின்றாள், கொஞ்சம் ஆடினாள். கடுமையான ஆட்டம் ஆடி முடித்த எவளும் அந்த அளவு ஆடத்தான் செய்வாள். ஊரிலிருந்த கல்லூரி டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நம்பர் சரியா இருக்கு. நேர்ல பாக்கிறது நீ. உனக்கு என்ன தோணுது?" என்றார். பந்து அவள் கைக்கே திரும்பி வந்தது.

அவளுக்கு என்ன தோன்றியது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்த நாலு எட்டு அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. ஆனால் வாய், "காலையில மறுபடியும் பாத்துட்டுச் சொல்றேன்," என்றது.

ஜோரெட்டாவை அவளுக்குப் பிடிக்கும். சும்மா இல்லை, சொந்தப் பெண்ணைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கும். வாட்டர்லூவிலிருந்து வந்தவள், டிராக்டர் ஆலைத் தொழிலாளியின் மகள், குள்ளம் என்று சொல்லிப் பெரிய கல்லூரிகள் எல்லாம் கையை விரித்துவிட்டன. இரண்டாம் வருஷம் முழங்காலின் தசைநார் அறுந்து ஒரு வருஷம் முழுக்க உட்கார்ந்தாள். அந்த வருஷம் பூராவும், மற்ற பெண்கள் வெளியூர் போய் ஆடிக்கொண்டிருக்கும்போது, இவர்கள் இரண்டு பேரும் காலியான உடற்பயிற்சிக் கூடத்தில் அந்தக் காலை அங்குலம் அங்குலமாக மடக்கிக்கொண்டிருந்தார்கள். வலியில் ஜோரெட்டா வாய்க்கு வந்தபடி ஏசுவாள். "ஏசு, நல்லா ஏசு. உன்னை அந்தப் பெரிய போட்டிக்கு அனுப்பிட்டுத்தான் உன்னை விடுவேன்," என்பாள் ரெனாட்டா. வேடிக்கையாகச் சொல்லிச் சொல்லி அது வாக்குறுதி ஆகிவிட்டது. இது ஜோரெட்டாவின் கடைசி வருஷம். இதற்குப் பிறகு அவள் நர்ஸ், அவ்வளவுதான். நாளை ஆடாவிட்டால் இனி என்றைக்கும் இல்லை.

வெளியே வந்தபோது கோச் வென்ஸ்ட்ராம் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தோற்றுத் தோற்றே தலை நரைத்த மனுஷர். அவர் கத்தியிருந்தாலோ மிரட்டியிருந்தாலோ ரெனாட்டாவுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அவளும் பதிலுக்குக் கத்தி, வீம்புக்காவது கூடாது என்று சொல்லியிருப்பாள்.

"நான் ஒண்ணும் கேக்கல," என்றார். "நீ என்ன சொன்னாலும் சரி."

"காலையில சொல்றேன், கோச்."

"மெஷின் என்ன சொல்லுது?"

"மெஷின் ஆடலாம்னு சொல்லுது."

"அப்ப நீ எதுக்கு இப்படி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வர?"

"மக்கு நாள்னு ஒண்ணு இருக்கு. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

கோச் தன் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். "தெரியும். இவ அதைச் செஞ்சாளான்னு தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாததை வெச்சு ஒரு பொண்ணு இத்தனை வருஷம் காத்துக்கிடந்த நாளை அழிக்கணும்னா அழி. நான் குறுக்க வர மாட்டேன்." சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டால் தப்பிக்கவே முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் அணி முழுக்கப் பச்சை மேலங்கியில் உட்கார்ந்திருந்தது. விடியும் முன்பே பனி கொட்டி ஓய்ந்து, வெளியே வெயில் பளீரென்று அடித்தது. ஜன்னல் திரையை யாரோ இழுத்து மூடியிருந்தார்கள். வழக்கமாக வாஃபிள் அடை சுடும் இயந்திரத்தின் முன் ஜோரெட்டாதான் நிற்பாள், சின்னப் பெண்களுக்கெல்லாம் சுட்டுச் சுட்டுப் போட்டு அதட்டுவாள். இன்றைக்கு மாரிட் நின்றுகொண்டிருந்தாள். ஜோரெட்டா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, தட்டில் இருந்ததைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

ரெனாட்டா எதிரே போய் உட்கார்ந்தாள். "எப்படி இருக்க?"

"பிரமாதம்."

"அப்ப ஏன் சாப்பிடல?"

"இந்த மாரிட் சுட்டதைச் சாப்பிட்டுப் பாருங்க, அப்புறம் கேளுங்க. செருப்புத் தோல் தோத்துது."

"காதுல விழுது!" என்று மாரிட் அங்கிருந்தே கத்தினாள். "கேப்டனம்மா, நாளையிலேர்ந்து நீங்களே சுட்டுக்கங்க!"

"ஏய், இன்னிக்கு நீ பந்தை ஒழுங்கா பிடிடி, அப்புறம் பேசலாம்."

மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். ரெனாட்டாவுக்கும் கொஞ்சம் உயிர் வந்தது. கேலி பேசுகிறவள் நன்றாகத்தான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தி நேராகவே கேட்டாள்.

"ஜோ, என்னைப் பாரு. செப்டம்பர்ல ஒழுங்கா செஞ்சியா?"

"செஞ்சேன்."

"உண்மையா?"

"எங்கப்பா மேல சத்தியமா."

அவளுடைய அப்பா அன்று காலைதான் வாட்டர்லூவிலிருந்து வண்டியோட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். மாரிட் வாஃபிளைத் தட்டில் கொண்டு வந்து வைத்தாள். "ராத்திரி இவ நல்லாத் தூங்கினாளா?" என்று ரெனாட்டா அவளைக் கேட்டாள். ரெண்டு தரம் எழுப்பிப் பார் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தாள்.

"நல்லாத் தூங்கினா," என்றாள் மாரிட். கேள்வி முடியுமுன்பே பதில் வந்துவிட்டது. சொல்லிவிட்டு வெண்ணெயைத் தேடப் போனாள். வெண்ணெய் மேஜையிலேயே இருந்தது.

ரெனாட்டா எழுந்தாள். காப்பி எடுக்கப் போகிற வழியில் ஜன்னல் பக்கத்தில் நின்றாள். அடிபட்ட மூளைக்கு வெளிச்சம் ஆகாது. திரையை விலக்கிவிட்டு, "ஜோ, இங்க பாரு," என்று கூப்பிட்டால் போதும். பனியில் பட்டுத் தெறிக்கிற அந்த வெயிலைப் பார்த்து அவள் கண் கூசித் துடித்தால் மக்கு நாளும் தெரிந்துவிடும், சத்தியமும் தெரிந்துவிடும். ஒரு சோதனையும் வேண்டியதில்லை. திரையின் விளிம்பு அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. காப்பியை ஊற்றிக்கொண்டாள், சர்க்கரையைப் போட்டாள், கலக்கினாள். திரும்பி வந்து கோச்சிடம், "ஆடலாம்," என்றாள்.

கோச் அவள் தோளைத் தட்டினார்.

இறுதியாட்டம் மார்வின் ஸ்டேட் அணியோடு. முதல் பாதியில் ஜோரெட்டா ஆடியதைப் பார்த்தவர்கள் பல காலம் அதையே பேசுவார்கள். எங்கிருந்து எறிந்தாலும் விழுந்தது. அவளைவிட ஒரு முழம் உயரமான பெண்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து வந்தாள். அவள் அப்பா மூன்றாவது வரிசையில் எழுந்து நின்றவர் உட்காரவே இல்லை. ரெனாட்டாவும் தன்னை மறந்து இரண்டு தரம் கைதட்டிவிட்டாள். நான்தான் பைத்தியக்காரி, இவளையா நிறுத்தப் பார்த்தேன் என்றுகூட நினைத்தாள். அந்த அரை மணி நேரம் அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை.

இரண்டாம் பாதியில் ஒரு மார்வின் பெண்ணின் தோள் ஜோரெட்டாவின் தாடையில் பட்டது. பெரிய அடி ஒன்றுமில்லை, நடுவர்கூட ஊதவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ரெனாட்டா ஒன்றைக் கவனித்தாள். ஓய்வு நேரத்தில் பெஞ்சுக்கு வந்து திரும்பும்போதெல்லாம் மாரிட் ஜோரெட்டாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு போனாள். தோழமையில் பிடிப்பது மாதிரி இல்லை, கண் தெரியாதவரைச் சாலை கடக்க வைப்பது மாதிரி இருந்தது. போகப் போகக் காதில் என்னவோ சொல்லிக்கொண்டே போனாள். எந்தப் பக்கம் நம்முடைய கூடை என்று சொல்கிறாள் என்பது ரெனாட்டாவுக்குப் புரிந்தது. எல்லா ஆட்டத்திலும் கேப்டன்தான் விரல் காட்டி அணிக்குச் சைகை சொல்வாள். இப்போது மாரிட் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜோரெட்டாவின் கால்களுக்கும் கைகளுக்கும் ஆட்டம் தெரிந்திருந்தது, அவை ஆடின.

ரெனாட்டா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

இரண்டு புள்ளி முன்னிலை. ஆறு நிமிஷம் பாக்கி. அவள் கையை உயர்த்தினால் போதும். கோச் எழுந்தவளைத் திரும்பிப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார். மூன்றாவது வரிசையில் அந்த அப்பா தன் தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். வாடகை வாத்தியப் பிள்ளைகளுக்கே இப்போது வெறி பிடித்து, யாருக்கு ஊதுகிறோம் என்ற சந்தேகமில்லாமல் ஊதினார்கள். இன்னும் ஆறே நிமிஷம், அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது, முடிந்தவுடன் நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடலாம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது தப்பு என்று தெரிந்தேதான் சொல்லிக்கொண்டாள். தண்ணீர்ப் புட்டியை எடுக்க எழுந்தவள் மாதிரி ஒரு புட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆல்டர் க்ரீக் ஜெயித்தது.

பிறகு நடந்ததெல்லாம் கல்யாண வீட்டுக் கூத்துதான். பச்சைக் காகிதத் துணுக்குகள் கூரையிலிருந்து கொட்டின. கோச் வென்ஸ்ட்ராம் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். ஏணியைக் கொண்டு வந்து கூடைக்குக் கீழே நிறுத்தினார்கள். ஜெயித்தவர்கள் ஒவ்வொருவராக ஏறிக் கத்தரிக்கோலால் கூடையின் வலையில் ஒரு நூலை வெட்டி எடுத்துக்கொள்வது வழக்கம், கேப்டன்தான் முதலில். ரெனாட்டா ஜோரெட்டாவைத் தேடிக் கூட்டத்தில் முட்டி மோதி வருவதற்குள் அவளைத் தூக்காத குறையாக ஏணியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். ரெனாட்டா ஓடிப்போய் ஏணியின் கால்களைப் பிடித்துக்கொண்டாள்.

ஜோரெட்டா மேல் படியில் நின்று ஒரு நூலை வெட்டினாள். அரங்கம் ஆர்ப்பரித்தது. அவள் அந்த நூலைப் பார்த்தாள், கத்தரிக்கோலைப் பார்த்தாள், கொட்டுகிற காகிதத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்தாள்.

"ரெனா," என்றாள். "இன்னிக்கே எதுக்கு வெட்டறோம்?"

"என்ன சொன்ன?"

"நாளைக்குத்தானே ஃபைனல்?"

ரெனாட்டா ஒரு கையை மேலே நீட்டினாள். "கத்தரிக்கோலை எங்கிட்டக் கொடும்மா," என்றாள். ஜோரெட்டா கொடுத்தாள். ரெனாட்டா அதைக் கீழே போட்டுவிட்டு ஏணியில் ஏறினாள். பின்னாலிருந்து அவள் இடுப்பைச் சுற்றிக் கை போட்டு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கைதட்டியது. "ரெனாவுக்கும் ஒரு நூல் வெட்டுங்க!" என்று யாரோ கத்தினார்கள். ஏணிக்குக் கீழே மாரிட் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"மெதுவா. ஒரு படி. இன்னொரு படி."

"எனக்கு ஒண்ணுமில்ல, ரெனா. டன்பார்காரி முட்டி லேசாத்தான் பட்டுது."

"சரிடா கண்ணு. காலைக் கீழ வை."

"மெஷின்ல பாஸ் பண்ணிடுவேன். நீங்க வேணாப் பாருங்க." அவள் குரல் கெஞ்சத் தொடங்கியது. நேற்றுக்கூட அவள் இப்படிக் கெஞ்சவில்லை. "நாளைக்கு என்னை ஆட விட்டுடுவீங்கல்ல? கூடாதுன்னு சொல்லிட மாட்டீங்கல்ல?"

ரெனாட்டா அவளைத் தரையில் இறக்கி உட்கார வைத்தாள். ஆம்புலன்ஸ் ஆளைப் பார்த்துக் கையை ஆட்டினாள். ஜோரெட்டாவின் தலையை அசையாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க, ரெனா. ஆடலாம்ல?"

"கூடாது," என்றாள் ரெனாட்டா. "நீ ஆடக் கூடாது, ஜோ."

ஜோரெட்டாவின் முகம் உடைந்தது. வெட்டிய நூலைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பச்சைக் காகிதக் குவியலின் நடுவில் உட்கார்ந்து, "ஒரே ஒரு ஆட்டம்தானே, ரெனா, ஒரே ஒரு ஆட்டம்தானே கேக்கறேன்," என்று அவள் அழுதாள்.